பேராயர் யாரென்று வெளியேறியவர்கள் ஏன் கேட்கிறோம்?

"நீதான் பூசைக்கே போவதில்லையே, யார் பேராயராக வந்தால் உனக்கென்ன?" இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டேன். ஊரில் உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். காலாப்பட்டில் கூட ஆய்வு செய்யும் பெரியாரியத் தோழர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் சிரிப்போடு.

பேராயர் பதவி வெறும் பூசைப் பதவி அல்ல. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் என்று எல்லாவற்றிலும் யாருக்கு வேலை, யாருக்கு இடம் என்று முடிவெடுக்கும் நாற்காலி அது. நான் வெளியே வந்துவிட்டேன். என் அப்பாவும் அம்மாவும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

2022 மார்ச்சில், மீரட் ஆயராக இருந்த பிரான்சிஸ் கலிஸ்ட் புதுவை-கடலூர் பேராயராக அறிவிக்கப்பட்டார். தலித் ஒருவரை நியமிக்கக் கோரிவந்த தலித் கிறித்தவர்கள் எதிர்ப்பில் இறங்கினார்கள். அவர்மீது எனக்குத் தனிப்பட்ட புகார் இல்லை. புகார் தேர்வு முறைமீது. டெல்லியில் இருக்கும் போப்பின் தூதர் சிலரிடம் மட்டும் ரகசியமாகக் கருத்துக் கேட்பார். மூன்று பெயர்கள் ரோமுக்குப் போகும். யாரிடம் கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வெளியே வரக் கூடாது. இதில் யாரும் சாதியின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. பதவியில் இருப்பவர்கள் தமக்குப் பழக்கமானவர்களைச் சொன்னால் போதும்.

கேட்பவர்கள் சிறுபான்மையினர் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. 2022இல்தான் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார்.

புதுச்சேரிக்கு இது புதிய சண்டையும் அல்ல. இன்று பேராயரின் தலைமைக் கோயிலாக இருக்கும் ஜென்மராக்கினி மாதா கோயிலைப் பழைய ஆட்கள் சம்பா கோயில் என்பார்கள். 1745இல் அந்தச் சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. 263 ஆண்டு கழித்து, 2008 மார்ச் 9 அன்று, இதே உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களை வன்னியக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

ஆனாலும் திருச்சபையை ஒரே வார்த்தையில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. எங்கள் தெருவில் முதல் தலைமுறை எழுதப் படித்தது கன்னியாஸ்திரிகளின் பள்ளியில்தான். திருச்சிப் பக்கம் விரகாலூரில் பிறந்து, ஆதிவாசிகளுக்காக வேலை செய்து, 84 வயதில் 2021 ஜூலை 5 அன்று காவலில் இருக்கும்போதே இறந்த ஸ்டேன் சுவாமியும் இந்தத் திருச்சபைதான். அவர் ஆயராக இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் எழுதினால் சங்கிகளுக்குத் தீனி போடுவதாகும் என்று சில பாதிரியார்கள் சொல்கிறார்கள். எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. அதை எதிர்த்து ஆகஸ்ட் 10ஐ ஆயர்கள் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள், நல்லது. மதம் மாறியவர்களுக்கு அந்த உரிமை தரலாமா என்று ஆராய ஒன்றிய அரசு 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. அங்கே வரும் முதல் கேள்வியே, மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறதா என்பதுதான். அதற்கான சான்று ஆயர் இல்லங்களின் அலமாரியில் இருக்கிறது. அதைப் பூட்டி வைத்தால், "கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே, சலுகை எதற்கு?" என்று கேட்பவருக்குத்தான் லாபம்.

இன்னொரு பக்கம் பணம். அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. நியமனத்தில் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. சிறுபான்மை உரிமையைப் பறிக்கச் சொல்லவில்லை, அது போனால் முதலில் அடிபடப்போவது நாம்தான். ஆனால் டெல்லியிடம் கேட்கும் இடஒதுக்கீட்டைத் தன் பள்ளியில் தாமாக முன்வந்து தர ஆயருக்கு யார் அனுமதி வேண்டும்?

தலித் ஒருவர் பேராயரானால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் அந்தக் கோரிக்கையோடு நிற்கிறேன். கூடவே ஒரு கணக்கும் வேண்டும்: இந்த உயர்மறைமாவட்டத்தின் குருக்களில், ஆசிரியர்களில், பேராசிரியர்களில், பள்ளித் தாளாளர்களில் தலித்துகள் எத்தனை பேர்? குருக்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, சம்பளப் பட்டியல் இருக்கிறது, பங்குதோறும் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. எண்ணிச் சொல்ல எத்தனை நாள் ஆகும்?