அந்த ஆளுக்கு என்ன பெயர்?

இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பென்ஷன் சம்பந்தமான தமிழ்ப் படிவங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். துணையை இழந்தவருக்குப் போகும் ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், 'விதவைகள்' என்பதற்குப் பக்கத்தில் 'தபுதாரர்' என்று ஒரு சொல் இருக்கும். மனைவியை இழந்த ஆண் என்று பொருள். சென்னையில் வளர்ந்த எனக்கு இந்தச் சொல் ஹரோவுக்கு வந்தபிறகுதான் அறிமுகம். பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தபோது பார்த்தேன்.

அதிகாரிகள் உட்கார்ந்து உண்டாக்கிய சொல் இல்லை இது. தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. புறத்திணையியலில், கணவனை இழந்தவளின் நிலைக்குத் தாபத நிலை, மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தபுதார நிலை என்று இரண்டுக்கும் பெயர் உண்டு. மொழி இருவரையும் பார்த்திருக்கிறது. நடுவில் எங்கேயோ நாம்தான் ஒருவரை விட்டுவிட்டோம். இன்று தமிழ்நாட்டில் பத்துப் பேரிடம் தபுதாரன் என்றால் யார் என்று கேளுங்கள், ஏதோ ஜாதகப் பலன் என்று நினைப்பார்கள். அறுதலி, முண்டச்சி எல்லாம் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

'விதவை' என்ற சொல்லில் ஒரு பொட்டுகூட இல்லை, 'கைம்பெண்' என்றால் இரண்டு பொட்டு வந்துவிடுகிறது என்று கலைஞர் சொன்னதாக மேடைகளில் இன்றும் சொல்வார்கள். ம் மேலே ஒரு புள்ளி, ண் மேலே ஒரு புள்ளி. அழகான விளக்கம்தான். ஆனால் எத்தனை பொட்டு வைத்தாலும், புருஷன் செத்துப்போனதை ஒரு பெண்ணின் பெயராக மாட்டிவிடுவது மாறவில்லையே.

இன்னும் சில ஜோடிகளைப் பாருங்கள். பரத்தை என்ற சொல் தெரியும். பரத்தன்? திருக்குறள் காமத்துப்பாலில் ஊடலில் இருக்கும் ஒரு பெண், தன் ஆளையே 'பரத்த' என்று கூப்பிடுகிறாள். அந்த அதிகாரத்தை மேடையில் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. மலடன் அகராதியில் இருக்கிறான், தெருவில் இல்லை. குழந்தை பிறக்கவில்லை என்றால் இரண்டு பேருக்கும் பரிசோதனை வேண்டும் என்று இங்கே எந்த ஜிபியும் சொல்வார். கல்யாண மண்டபத்தில் வளைகாப்புக்கு யாரைத் தள்ளி நிற்கச் சொல்வது என்று வரும்போது மட்டும் பரிசோதனை எதுவும் தேவைப்படுவதில்லை.

என் மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். அவளுடைய வீட்டுப்பாடத்தில் ஆண்பால், பெண்பால் என்று கோடு போட்டு இரண்டு பத்தி. அரசன், அரசி. தலைவன், தலைவி. மருமகன், மருமகள். இதை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது மாமி சமையலறையில் என்னிடம் ஊர்ச்செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். யாருடைய மகளோ, கனடாவில் கட்டிக்கொடுத்த பிள்ளை. "பாவம், இப்ப வாழாவெட்டியா வந்து தாயோட இருக்கிறாள்" என்றார்.

பிள்ளைகளின் காது எங்கேதான் இருக்குமோ. "மாமி, வாழாவெட்டிக்கு ஆண்பால் என்ன?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

மாமி கொஞ்சம் யோசித்தார். "அப்பிடி ஒண்டும் இல்லை, பிள்ளை. ஆம்பிளைக்கு என்ன பேர்? அவன் வேற கலியாணம் கட்டிப்போட்டான்."

இதைவிடச் சரியாக யாரும் இலக்கணம் சொல்லிவிட முடியாது. விட்டுவிட்டுப் போனது அவன். பெயர் வந்தது இவளுக்கு. மாமிக்கு அந்தப் பெண்மேல் துளி வெறுப்பும் இல்லை, நிஜமாகவே பாவப்பட்டுத்தான் சொன்னார். அதனால்தான் இது கெட்ட வார்த்தைகளைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்ட வார்த்தையை யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளலாம், சண்டைக்குப் போகலாம். பாசத்தோடு சொல்லும்போது என்ன செய்வது?

இந்த விடுபடல் தற்செயல் இல்லை என்று பெரியார் அப்போதே எழுதிவிட்டார். 'குடிஅரசு' காலத்துக் கட்டுரைகளில் கற்பைப் பற்றிப் பேசும்போது, ஆணின் கற்பைக் குறிக்க நம்மிடம் தனிச் சொல்லே இல்லாமல் போனதற்கு ஆண்களின் ஆதிக்கமே காரணம் என்பது அவர் வாதம். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதானே 'கற்பழிப்பு'. எங்கள் வீட்டில் காலையில் வரும் பேப்பரில் அந்த வார்த்தையைப் படித்துத்தான் என் தலைமுறை வளர்ந்தது. ஒரு ஆண் செய்த குற்றம். ஆனால் அந்தச் சொல் சொல்வதோ, பெண்ணிடம் இருந்த ஏதோ ஒன்று அழிந்துபோனது என்பதை. இப்போது பல இடங்களில் பாலியல் வன்கொடுமை என்று எழுதுகிறார்கள். வீட்டுப் பேச்சில் பழசுதான் ஓடுகிறது.

சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1998 ஜூலையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவரை ஆட்டோவில் வந்த கும்பல் ஒன்று சீண்டியது. தண்ணீரை ஊற்றினார்கள், ஒருவன் அவர்மேல் விழுந்தான். கீழே விழுந்து தலையில் அடிபட்ட அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார். நகரமே கொதித்தது. அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டில் அதை முழுச் சட்டமாகவும் ஆக்கியது. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எல்லாம் சரி. ஆனால் ஒரு உயிர் போனதற்காக வந்த அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரில் இருந்தது 'ஈவ் டீசிங்'.

ஈவ் என்றால் ஏவாள். பழத்தைக் கொடுத்து ஆதாமைக் கெடுத்தவள் என்று உலகமே பழி சொல்லும் பெண். டீசிங் என்றால் கேலி, விளையாட்டு. இரண்டையும் சேர்த்தால், தூண்டியது அவள், இவன் சும்மா விளையாடினான். செய்தவனைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை. சில ஆண்டுகளிலேயே அதை மாற்றி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று ஆக்கினார்கள். 2023 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்புகளில் தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலில் ஈவ் டீசிங்கும் இருக்கிறது. அதற்குப் பதிலாகத் தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதச் சொல்கிறது.

அதே 2023 செப்டம்பரில் இங்கே பிரிட்டனிலும் பொது இடத்தில் பாலினத்தை வைத்துத் துன்புறுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறியது. 2 ஆண்டு வரை சிறை. ஹரோ பஸ் ஸ்டேஷனில் நம் பெண்பிள்ளைகள் ஸ்கூல் முடிந்து நிற்கும்போது வரும் விசிலும் கமெண்டும் குற்றமா இல்லையா என்பதை, நம் வீட்டில் அதை 'பகிடி' என்கிறோமா, 'கிண்டல்' என்கிறோமா, வேறு ஏதாவது சொல்கிறோமா என்பதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை முதலில் தெரிந்துகொள்ளும். போலீஸ் அதற்கு அப்புறம்தான்.

இங்கே வளரும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் தமிழ் சின்னதுதான். ஒரு ஐந்நூறு, அறுநூறு சொல் இருக்குமா? அதிலே எதைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் வசதி ஊரில் இருப்பவர்களுக்குக்கூடக் கிடையாது. வாழாவெட்டி என்ற சொல்லை என் மகளிடம் நான் ஒளித்துவைக்கவில்லை. கேட்டுவிட்டாள், பொருளும் சொல்லிவிட்டேன். கூடவே வாக்கியத்தை எழுவாயோடு சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "அவர் அவங்களை விட்டுட்டுப் போயிட்டார்." எழுதிவிட்டு, "இவருக்கு எதுக்கும்மா மரியாதை?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுப்பாடத் தாளில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போனவனுக்கு உங்கள் ஊரில், உங்கள் பாட்டி வாயில் ஏதாவது ஒரு பெயர் இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். திருநெல்வேலியோ, வல்வெட்டித்துறையோ, மட்டக்களப்போ, எந்த வட்டாரமானாலும் சரி. மாமியும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.