நாயை நாய் கடிச்சா கேஸ் இல்லையாம்!

சனிக்கிழமை மதியம் ஆனாப் போதும், பொன்னேரியில இருந்து ஏலகிரி மலைக்கு ஏறுற ரோட்டுல கார் வரிசைதான். பாதி கர்நாடகா நம்பர், பாதி சென்னை நம்பர். வரட்டும். ஆள் வந்தாத்தான் அத்தனாவூர்ல டீக்கடை ஓடும், பலாப்பழம் விக்கிறவங்க வீட்டுல நாலு காசு பார்ப்பாங்க. வர்றவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பின் சீட்டுல கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக்கிட்டு வருதே ஒரு ஹஸ்கி, ஒரு ராட்வைலர், அது மேலயும் இல்லை. காரை நிறுத்தினதும் கதவைத் திறந்து அதை அப்படியே ரோட்டுல இறக்கி விட்டுட்டு, செல்போனைத் தூக்கிக்கிட்டு ஏரியைப் போட்டோ எடுக்கப் போறாரே, அந்த மனுஷன் மேலதான் என் கோபம் முழுசும்.

பெல்ட் எங்கேன்னு கேட்டா கார் சீட்டைக் காட்டுவார். “பாவம் அங்கிள், வாரம் பூரா ஃபிளாட்டுல அடைஞ்சு கிடக்குது. கொஞ்சம் ஓடட்டுமே.” ஓடட்டும், யார் வேண்டாம்னது? ஆனா எங்கே ஓடறது? புங்கனூர் ஏரிப் பக்கம் குழந்தைங்க சைக்கிள் ஓட்டுற ரோட்டுலயா? நிலாவூர் பக்கம் ஆடு மேயற இடத்துலயா? வாடகைக்கு ரெண்டு நாள் ரூம் எடுத்தா, மலை பூராவும் அவங்க வீட்டுக் கொல்லை ஆயிடுமா?

என் வீட்டுல ஒரு நாட்டு நாய் இருக்கு. பேர் செவலை. யாரோ ரோட்டோரம் விட்டுட்டுப் போன குட்டியை எடுத்து வளர்த்தது. மழைக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலை, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அதைக் கூட்டிட்டுப் போறேன். எதிர்ல ஒரு பெரிய நாய், கழுத்துல பட்டை இருக்கு, பிடிக்க ஆள் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். “ஒண்ணும் பண்ணாது அங்கிள், ஃப்ரெண்ட்லி” அப்படிங்கறான். அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள அது செவலையோட பிடரியைக் கவ்விருச்சு. கவ்வி, தூக்கி, உதறுது. கயித்துல இருக்கிற நாய் எங்கே ஓடும்? சட்டத்தை மதிச்சுக் கயிறு கட்டிக் கூட்டிட்டு வந்தவன் நாய்க்குத்தான் ஓடவும் வழியில்லை. அவிழ்த்து விட்டவன் நாய்க்கு மலை முழுக்க வழி.

“ப்ரூனோ, நோ! நோ!” இதுதான் அந்தப் பையனுக்குத் தெரிஞ்ச வைத்தியம். அது காதுல வாங்கவே இல்லை. டீக்கடை அக்கா ஒரு பக்கெட் தண்ணியை எடுத்துட்டு வந்து மூஞ்சியில ஊத்தினதுக்கு அப்புறம்தான் பிடி விட்டுச்சு. “இன்னா சார் இது, இப்டி ரத்தமா கீது”ன்னு அந்தம்மா தன் துண்டை எடுத்துக் கொடுத்துச்சு. அந்தப் பையன் என்ன பண்ணான் தெரியுமா? தன் நாயோட வாயைத் திறந்து பல்லு ஏதும் உடைஞ்சிருக்கான்னு பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நாட்டு நாய்தானே அங்கிள், எவ்வளவு ஆகும் சொல்லுங்க, ஜிபே பண்ணிடறேன்.”

நாட்டு நாய்தானே! அந்த ஒரு வார்த்தை இன்னும் ஆறலை எனக்கு. உன் நாய்க்கு வலிக்கும், என் நாய்க்கு வலிக்காதா தம்பி? அறுபதாயிரம் கொடுத்து வாங்கினா உயிரு, ரோட்டுல எடுத்து வளர்த்தா வெறும் சதையா?

ஞாயித்துக்கிழமை மலையில எந்த மாட்டாஸ்பத்திரி திறந்திருக்கும்? துண்டுல சுத்தி மடியில வெச்சுக்கிட்டு 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கினோம். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர் பேரும் வள்ளல் பேரும் வெச்சிருக்காங்க. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் கதையெல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சவங்கதானே நாம? கீழே டாக்டர் முடியை மழிச்சுப் பார்த்தார். வெளியே ரெண்டே ரெண்டு சின்ன ஓட்டை. “இவ்வளவுதானா”ன்னு நான் மூச்சு விட்டா, அவர் தலையை ஆட்டுறார். பெரிய நாய் கவ்வி உதறும்போது தோல் கூடவே இழுபட்டு வந்துடும், உள்ள இருக்கிற தசைதான் கிழியும், அங்கேதான் சீழ் கட்டும்னு விளக்கினார். வெளிக்காயம் சின்னதா இருக்குன்னு வீட்டுலயே மஞ்சள் பத்துப் போட்டு விட்டுடறவங்களோட நாய்ங்கதான், ரெண்டு மூணு நாள் கழிச்சுக் காய்ச்சல்ல சுருண்டு போய் வருமாம். செவலை பிழைச்சுக்கிச்சு. ஆனா இப்பவும் கார் கதவு சாத்துற சத்தம் கேட்டா வாசப்படி தாண்டறதில்லை.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, அதை யாரும் யோசிக்கறதே இல்லை. ரேபிஸ். கடிச்ச நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கான்னு கேட்டேன். “போட்டிருக்கு, கார்டு வீட்டுல இருக்கு” அப்படின்னான். வீடு எங்கே? பெங்களூர்ல. போன் நம்பர் கேட்கறதுக்குள்ள வண்டி கிளம்பிருச்சு. கடிச்ச நாயை 10 நாள் கண்காணிக்கணும்கிறது டாக்டர்ங்க காலங்காலமா சொல்ற விதி. அந்த 10 நாளும் அது நல்லா இருந்துட்டா, கடிச்ச நேரத்துல அதோட எச்சில்ல ரேபிஸ் இல்லைன்னு அர்த்தம். நாய் ஊரை விட்டே போயிட்டா எதைக் கண்காணிக்கறது? அதனால ஏற்கெனவே தடுப்பூசி போட்ட செவலைக்கும் மறுபடி ஊசி. இழுத்துப் பிரிக்கப் போன என் கையில பல்லு கீறினதுக்கு எனக்கும் ஊசி. சோப்பு போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும், அப்புறம் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு நடை. ஊசி இலவசம்தான், இல்லைன்னு சொல்லலை. கூலி வேலைக்குப் போறவனுக்கோ, ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுக்கோ அந்த ஒவ்வொரு நாளும் சம்பளம் போகுமே, அதை யார் கொடுப்பா? அந்த ஜிபேவா?

ரேபிஸ் வந்துட்டா மருந்து கிடையாது, சாவுதான். நம்ம நீலகிரி குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-ல ஆரம்பிச்சதே இந்த வெறிநாய்க்கடி ஊசிக்காகத்தான். நூறு வருஷத்துக்கு மேல ஆகியும், ஒரு தடுப்பூசி கார்டை பர்ஸ்ல வெச்சுக்கிட்டு மலை ஏறக்கூட நமக்கு வரலையே.

சரி, போலீஸ்ல சொல்லலாமேன்னு நீங்க கேட்பீங்க. நானும் வக்கீலா இருக்கிற நண்பர்கிட்ட கேட்டேன். பாரதிய நியாய சன்ஹிதாவுல 291-வது பிரிவு இருக்கு. முன்னாடி இந்திய தண்டனைச் சட்டத்துல 289. தன் விலங்கை சரியாகப் பார்த்துக்காதவருக்கு 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூட உண்டு. படிக்க நல்லா இருக்கு, இல்லையா? ஆனா அதுல சொல்லியிருக்கிறது மனுஷ உயிருக்கு ஆபத்து, மனுஷனுக்குக் கொடுங்காயம். நாய் நாயைக் கடிச்சா அந்தப் பிரிவு எட்டிக்கூடப் பார்க்காது. வேணும்னே ஏவி விட்டான்னு நிரூபிச்சா வேற பிரிவு இருக்கு. எவன் ஏவி விட்டேன்னு ஒத்துப்பான்? “ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன்”னு சொன்னா முடிஞ்சுது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பார்த்தா அது 1960-ல போட்டது. முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரை. அன்னைக்கு 50 ரூபாய் பெரிய காசு. இன்னைக்கு ஏரியில ஒரு ரவுண்டு படகுல போகக்கூட அது பத்தாது.

மனுஷனைக் குதறினாத்தான் நாம முழிச்சுக்கறோம். 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குல, மாநகராட்சிப் பூங்காவுக்குள்ள 5 வயசுப் பொண்ணை ரெண்டு ராட்வைலர் குதறுச்சு. அந்தச் சூட்டுல தமிழ்நாடு அரசு 23 இன நாய்ங்களுக்குத் தடைன்னு உத்தரவு போட்டு, போட்ட வேகத்துலயே நிறுத்தி வெச்சுது. ஏன்னா மத்திய அரசு அதே வருஷம் மார்ச்ல அனுப்பின அந்த 23 இனப் பட்டியலை கர்நாடகா ஹைகோர்ட் ஏற்கெனவே ரத்து பண்ணியிருந்தது. 2025 ஆகஸ்ட்ல ஜாபர்கான்பேட்டையில ஒரு பிட்புல் கடிச்சு ஒருத்தர் உயிரே போச்சு. தடுக்கப் போன வளர்த்தவங்களையும் அது விடலை. அதுக்கப்புறம்தான் சென்னை மாநகராட்சி லைசென்ஸ் இல்லாம வளர்த்தா 5,000 ரூபாய் அபராதம், பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் இனி புது லைசென்ஸ் கிடையாதுன்னு கறாரா நின்னுச்சு. நல்லது. அது சென்னைக்கு. ஏலகிரி ஒரு ஊராட்சி. இங்கே வந்து இறங்கற நாய்க்கு யார் லைசென்ஸ் பார்க்கறது? மலை ஏறினதும் விதி எல்லாம் கீழேயே நின்னுடுது.

அதோட, இனத்தைத் தடை பண்ணா எல்லாம் சரியாயிடும்னு எனக்குத் தோணலை. செவலையைக் கடிச்சது அந்தப் பட்டியல்ல இருக்கிற இனம்கூட இல்லை. குட்டியா இருக்கும்போது, பொறந்த மூணாவது வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும், நாலு மனுஷனையும் நாலு நாயையும் பார்த்துப் பழகணும். அப்பத்தான் அது மத்த நாயைப் பார்த்து மிரளாது, பாயாது. நாம என்ன பண்றோம்? ஒன்றரை மாசக் குட்டியை ஆன்லைன்ல பார்த்து வாங்கிட்டு வந்து பால்கனியில கட்டிடறோம். ரெண்டு வருஷம் அது பார்க்கறது கம்பியும் எதிர் வீட்டுச் சுவரும். அப்புறம் ஒருநாள் ஏலகிரிக்குக் கூட்டிட்டு வந்து அவிழ்த்து விட்டா, அது என்ன பண்ணும்னு அதுக்கே தெரியாது.

வெளியூர்க்காரங்களை மட்டும் சொன்னா நியாயமில்லை. நம்ம ஆளுங்க மட்டும் ஒழுங்கா? இங்கே பாதி பண்ணை வீட்டுல, ரிசார்ட்டுல பகல் பூரா நாய் ஒரு முழச் சங்கிலியில. ராத்திரி பத்து மணிக்கு மேல கேட்டைத் திறந்து விட்டுடறாங்க, காவலுக்காம். யாரைக் காவல் காக்குது? பக்கத்து வீட்டுக் கோழியையும் ஆட்டுக்குட்டியையும் கடிச்சுப் போட்டுட்டு விடியறதுக்குள்ள வந்து படுத்துக்குது. காலையில கேட்டா, “எங்க நாய் கட்டிதானே சார் கிடக்குது, தெருநாயா இருக்கும்” அப்படிங்கறாங்க. கீழே வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போனா கார் நிறுத்தற இடத்துல ராஜபாளையம் நாய் கட்டிக் கிடக்குது. வேட்டைக்கும் காவலுக்கும் காடு மேடெல்லாம் ஓடின இனம் அது. 2005-ல தபால் தலையே வெளியிட்டாங்க அதுக்கு. அதைச் சங்கிலி நீளத்துல வெச்சுட்டு, “ரொம்பக் கோபக்கார நாய்”னு பெருமை வேற.

கருத்தடை ஆபரேஷன் பண்ணுங்கன்னு சொன்னா முகத்தைச் சுளிக்கறாங்க, பாவமாம். பொட்டை நாய் ஒண்ணு பருவத்துக்கு வந்தா, தெருவுல இருக்கிற அத்தனை கடுவனும் ஒண்ணையொண்ணு கிழிச்சுக்கிட்டு நிக்குதே, அது பாவமில்லையா? போட்ட குட்டிங்களைச் சாக்குல கட்டிக் கொண்டை ஊசி வளைவுல விட்டுட்டுப் போறது? இந்த மலையில திரியற ‘தெருநாய்’ல லேப்ரடார் காதும், பொமரேனியன் வாலும் எங்கேயிருந்து வந்துச்சுன்னு நினைக்கறீங்க? 2023-ல வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாச் சொல்லுது: வீட்டு நாய்க்குக் குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்க்கிறவர் பொறுப்பு. பொறுப்புங்கற அந்த இடத்துலதான் எல்லாரும் நழுவிடறோம்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய் கடிச்சுச் செத்த ஆடுங்களை ரோட்டுல போட்டு விவசாயிங்க போராடினதுக்கு அப்புறம்தான் இழப்பீடு பத்திப் பேச்சு வந்துச்சு. அந்த ஆட்டுக்காவது ஒரு விலை இருக்கு. கடிபட்ட நாய்க்கு எந்தக் கணக்குலயும் இடமில்லை. சிங்கப்பூர்ல பாருங்க, பொது இடத்துல நாயைக் கயித்துல பிடிச்சே ஆகணும். குறிப்பிட்ட சில இனங்களுக்கு வாய்மூடி கட்டாயம், உடம்புல மைக்ரோசிப் கட்டாயம், இன்சூரன்ஸ்கூடக் கட்டாயம். அங்கே இருக்கிற நம்ம ஆளுங்க அத்தனையும் ஒழுங்கா செய்யறாங்க. அப்போ முடியாதுன்னு இல்லை, இங்கே கேட்க ஆள் இல்லைன்னுதானே அர்த்தம்?

மலை ஏறுற இடத்துல நுழைவுக் கட்டணம் வாங்கத் தெரியுது, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு பார்க்கத் தெரியுது. அதே இடத்துல நாயோட தடுப்பூசி கார்டையும் கயித்தையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ரூம் கொடுக்கிற ரிசார்ட்டு ‘பெட் ஃப்ரெண்ட்லி’ன்னு போர்டு வைக்குதே, அது கார்டைப் பார்த்து, நம்பரை எழுதி வெச்சுக்கிட்டு சாவி கொடுத்தா என்ன குறைஞ்சு போகும்? ஊராட்சியில ஒரு தீர்மானம், ரெண்டு போர்டு, மீறினா கையோட ஒரு அபராதம். கோடை விழா தொடங்கறதுக்குள்ள இதைச் செய்யலாம். கலெக்டர் அலுவலகம் திருப்பத்தூர்லதான் இருக்கு, பெட்டிஷன் கொடுக்க யார் வேணா வரலாம். நான் கொடுக்கப் போறேன். கூட நாலு பேர் வந்தா நல்லா இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மலை ஏறப் போறவங்க தாராளமா நாயைக் கூட்டிட்டு வாங்க. கயித்தைக் கையில பிடிங்க. கார்டைக் கொண்டு வாங்க. எதிர்ல ஒரு நாய் வருதுன்னா ஓரமா ஒதுங்கி, உங்க நாயை உங்க காலோட நிறுத்திக்கோங்க. அதையும் மீறி கடிச்சுருச்சா? காரைக் கிளப்பாதீங்க. போன் நம்பரைக் கொடுங்க, எங்ககூட மாட்டாஸ்பத்திரி வரைக்கும் வாங்க.