எழுந்து நிற்க இரண்டு நிமிடம்



"தொடை மரத்துப்போகுது, கிள்ளினாக்கூடத் தெரியலை." தையல் மெஷினில் குனிந்திருப்பவர், பேருந்து ஓட்டுநர், கல்லாவில் இருப்பவர், கணினி முன் வேலை பார்ப்பவர் என்று பலரும் சொல்லும் குறை இது. ரத்த ஓட்டம் இல்லை போலும் என்று தைலம் தேய்த்துவிட்டு, மறுநாளும் அதே இருக்கைக்குப் போய்விடுகிறார்கள்.

பெரும்பாலும் கோளாறு நரம்பில்தான். தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு கீழ்முதுகிலிருந்து கிளம்பி, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி இறங்குகிறது. நெடுநேரம் இடுப்பை மடக்கி உட்கார்ந்தாலும், பெல்ட்டையோ பாவாடை நாடாவையோ இறுக்கிக் கட்டினாலும், தொப்பை அழுத்தினாலும் அந்த நரம்பு அங்கே நசுங்கும். தொடையில் ஓரிடம் மட்டும் மரத்திருக்கும். துணி உரசினால் எரியும். காலின் பலம் குறையாது. தசையை இயக்கும் வேலை இந்த நரம்புக்கு இல்லை. மனநல மேதை சிக்மண்ட் ஃப்ராய்டுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1895இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாடாவைத் தளர்த்தி, எடையைக் குறைத்து, அடிக்கடி எழுந்து நடந்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

முதுகுவலியோடு சேர்ந்து மரமரப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினால், இருமும்போது சுரீரென்று இழுத்தால், டிஸ்க் விலகி நரம்பின் வேரை அழுத்துகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். கால் வலுவிழந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

இந்தத் தொல்லையில் வேலையிடத்துக்கும் பங்குண்டு. கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்கள் எத்தனை காலம் ஏங்கிய வசதி அது! உட்கார்ந்தே உழைப்பவர்களின் முதுகைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணிடம் "அடிக்கடி எழுந்து நட" என்று சொல்வது எளிது. எழுந்தால் அவளுக்குக் கூலி குறையும். அவளுக்கு நாம் தரும் அறிவுரை முதலாளியின் காதிலும் விழ வேண்டும்.

தையல்கூடமோ அலுவலகமோ நடத்தும் வாசகர்களே, சாய்மானமுள்ள நாற்காலி கொடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள். அந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்