போன்னு சொல்லிட்டுப் போங்களேன்!

பேஸ்பால் பக்கமே போகாதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். அந்த விளையாட்டுல 'மேனேஜர்'னா ஏசி ரூம்ல உக்காந்து எக்செல் ஷீட் பாக்கிறவர் இல்ல. டீம் சட்டையையே போட்டுக்கிட்டு, ஆடுகளத்தை ஒட்டின டக்அவுட்ல உக்காந்து, யாரை இறக்கறது, பந்து வீசறவரை எப்ப மாத்தறதுன்னு ஒவ்வொரு நிமிஷமும் முடிவெடுக்கிறவர். நம்ம கிரிக்கெட் கேப்டனோட மூளையும் கோச்சோட வயசும் சேர்ந்த ஆள்னு வெச்சுக்கங்க.

நான் சொல்ல வந்தது ஜோ டோரி பத்தி. நியூயார்க் யாங்கீஸ் அணியை 1996-ல இருந்து 2007 வரைக்கும் 12 சீசன் நடத்தினவர். அவரை வேலைக்கு எடுத்தப்போ நியூயார்க் பத்திரிகை ஒண்ணு, 'ஒண்ணும் தெரியாத ஜோ'ங்கிற அர்த்தத்துல தலைப்பே போட்டுச்சு. காரணம் இல்லாம இல்ல. அதுக்கு முன்னாடி மூணு அணிகள்ல மேனேஜரா இருந்து, ஜெயிச்சதை விட தோத்ததுதான் அதிகம். அப்படிப்பட்டவர் முதல் வருஷமே வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சார். அப்புறம் 1998, 1999, 2000. 12 வருஷமும் விடாம ப்ளேஆஃப் போனார்.

இதை யார்கிட்ட வேலை பாத்து சாதிச்சார்னு பாக்கணும். அணியோட முதலாளி ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர், தன்னோட முதல் 23 சீசன்ல 20 தடவை மேனேஜரை மாத்தினவர். பில்லி மார்ட்டின்ங்கிற ஒரே ஆளை அஞ்சு தடவை வேலைக்கு எடுத்தவர்! அங்கே 12 வருஷம் தாக்குப் பிடிச்சதுக்கே தனியா ஒரு கோப்பை கொடுக்கலாம் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். 2000-க்கு அப்புறம் கோப்பை வரல. 2004-ல பாஸ்டன் ரெட் சாக்ஸ் கிட்ட 3-0ன்னு முன்னாடி இருந்து, கடைசி நாலு மேட்சையும் தோத்தாங்க. 2005, 2006, 2007 மூணு வருஷமும் ப்ளேஆஃப் முதல் சுத்துலயே வெளியே. சம்பளத்துக்கு மத்த எல்லா அணியையும் விட அதிகமா கொட்டுற முதலாளிக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். டோரியை மாத்தணும்னு நெனச்சதுல தப்பே இல்லைங்கிறதுதான் என் கட்சி. 12 வருஷம் ஒருத்தர் ஒரு நாற்காலியில இருந்தா, நிர்வாகத்துக்கு வேற ஆளைத் தேட முழு உரிமை உண்டு.

ஆனா அவங்க அதைச் செய்யலையே! 2007 அக்டோபர்ல ஒரு ஆஃபர் கொடுத்தாங்க. ஒரே ஒரு வருஷம், 50 லட்சம் டாலர். ப்ளேஆஃப் போனா 10 லட்சம், அடுத்த சுத்துக்குப் போனா இன்னொரு 10 லட்சம், வேர்ல்ட் சீரிஸ் போனா மேலும் 10 லட்சம். அதுக்கு முந்தி அவர் வாங்கினது சுமார் 75 லட்சம். கூட்டிக் கழிச்சுப் பாருங்க. பழைய சம்பளத்தைத் தாண்டணும்னா வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போயே ஆகணும். டோரி நேரா டாம்பாவுக்குப் பறந்து போய், முதலாளி முகத்தைப் பாத்து வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டார். ஊக்கத்தொகைங்கிற அந்த ஏற்பாடே தனக்கு அவமானம்னு வெளிப்படையாவும் சொன்னார்.

"குறைச்ச பிறகும் மேனேஜர்கள்லயே அதிகச் சம்பளம் அவருக்குத்தானே, இதுல என்னய்யா அவமானம்?"னு நிர்வாகம் பக்கம் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பிரச்சனை தொகையில இல்ல. வேரியபிள் பே வாங்கிற நமக்கெல்லாம் இது உடனே புரியும். நம்ம கையில இருக்கிறதை அளந்து காசு கொடுத்தா அது ஊக்கத்தொகை. கையில இல்லாததை அளந்தா அது சூதாட்டம். 162 மேட்ச் ஆடி ப்ளேஆஃப் போறது திறமை. அந்த வருஷமே 21 வெற்றி 29 தோல்வின்னு மோசமா ஆரம்பிச்ச அணியை 94 வெற்றியோட முடிக்க வெச்சார். ஆனா அஞ்சு மேட்ச் தொடர்ல என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்? கிளீவ்லாண்டுல ரெண்டாவது மேட்ச், எட்டாவது இன்னிங்ஸ், 1-0ன்னு முன்னிலை. ஈசல் மாதிரி பூச்சிக் கூட்டம் மைதானத்தை மொய்க்க, ஜோபா சேம்பர்லைனோட பந்து தாறுமாறா போய், கடைசியில 2-1ன்னு தோல்வி. அந்தப் பூச்சிக்கும் சேர்த்தா ஒருத்தர் டார்கெட் வெக்கிறது?

அதை விட முக்கியமானது, 12 வருஷம் ஓடி ஜெயிச்சுக் காட்டினவருக்கு இப்ப இப்படி கேரட் காட்டினா என்ன அர்த்தம்? 'நீ முழுசா உழைக்கல'ன்னுதான் அர்த்தம். போன்னு சொல்ற தைரியம் இல்லாம, அவரே போகட்டும்னு எழுதின ஆஃபராத்தான் எனக்குத் தெரியுது.

அடுத்த ஆளைத் தேடின கதை இன்னும் சுவாரசியம். ஜோ ஜிரார்டி, டான் மேட்டிங்லி, டோனி பென்யா மூணு பேரைக் கூப்பிட்டுப் பேசினாங்க. மூணு பேருமே டோரிக்குக் கீழ கோச்சா இருந்தவங்க! அதுல ஜிரார்டி அவர் அணியில கேட்சராவும் ஆடினவர். ஆளு வேண்டாம், ஆனா அவர்கிட்ட தொழில் கத்தவங்க வேணும். டோரிக்கு இதை விட நல்ல சர்ட்டிபிகேட் யாரு கொடுக்க முடியும்?

வேலை ஜிரார்டிக்குப் போச்சு. 27-வது கோப்பைதான் குறின்னு 27-ம் நம்பர் சட்டை போட்டுக்கிட்டார். 2008-ல யாங்கீஸ் ப்ளேஆஃபுக்கே போகல. டோரியோ மேட்டிங்லியைக் கூட்டிக்கிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குப் போய், அதே வருஷம் அவங்க டிவிஷனை ஜெயிச்சார். 2009-ல ஜிரார்டி அந்த 27-ஐ வாங்கிட்டார்.

"பாத்தியா, மாத்தினது சரிதானே?"ன்னு கேப்பீங்க. மாத்தினது சரியா இருக்கலாம். ஆனா 2009-க்கு முன்னாடி சபாத்தியா, பர்னெட், டெய்க்ஷேரா மூணு பேரோட ஒப்பந்தத்துக்கு மட்டும் 42 கோடி டாலருக்கு மேல ஒதுக்கினாங்க. அதுல மேனேஜர் பங்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிக்கிறது? அப்புறம், முடிவு சரியா இருந்தா சொன்ன விதமும் சரியாயிடுமா என்ன?

2017-ல ஜிரார்டியோட முறை வந்துச்சு. வேர்ல்ட் சீரிஸுக்கு ஒரு மேட்ச் தூரத்துல தோத்ததும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலன்னு நேரா சொல்லிட்டாங்க. கசப்புதான், ஆனா நேர்மை. டோரிக்கு 2014-ல ஹால் ஆஃப் ஃபேம் கிடைச்சுது, அவரோட 6-ம் நம்பருக்கும் யாங்கீஸ் ஓய்வு கொடுத்தாங்க. ஏழு வருஷம் கழிச்சுக் கொடுத்த அந்த மரியாதையில கால்வாசியை, 2007-ல அந்த ரூமுக்குள்ள ஒரே ஒரு வாக்கியமா கொடுத்திருக்கலாம்: "ரொம்ப நன்றி ஜோ, நாங்க வேற ஆளைப் பாத்துக்கிறோம்."