கேஸ் போடும் முன் காயிலைப் பாருங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் நம் கடைவீதிகளில் ஒரே புலம்பல்: "ஏ.சி. ஓடுகிறது, குளிர்ச்சிதான் இல்லை." வருகிற மெக்கானிக் "கேஸ் குறைந்துவிட்டது" என்பார். பணம் கொடுத்துப் போட்டுக்கொள்வோம். அடுத்த கோடையிலும் அதே கதை.

வணிகப் பெருமக்கள் ஒன்றை அறிய வேண்டும். கேஸ் விளக்கெண்ணெய் போல் எரிந்து தீரும் பொருளல்ல; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதே. கசிவு இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது காயிலில் படிந்த அழுக்கை.

ஜன்னல் ஏ.சி.யில் முன்பக்கக் காயில் அறையின் வெப்பத்தை வாங்கும். பின்பக்கக் காயில் வெளியே தள்ளும். தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்தால் முன்னது பனிக்கட்டி பிடிக்கும். பின்னது சூடேறி, கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடித் தேயும்.

நமக்கோ தூசிக்குப் பஞ்சமில்லை. பாகூரில் நெல் அறுவடைத் தூசி, வில்லியனூரில் சாலைப் புழுதி, கடைக்குள்ளேயே சாக்கும் மாவும் மிளகாய்ப்பொடியும். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலையடுத்து வெள்ளம் புகுந்த கடைகளில், ஃப்ரிட்ஜின் அடிப்பக்கக் காயிலையும் சேறு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 450 யூனிட். அழுக்கால் பத்தில் ஒரு பங்கு கூடினாலே 45 யூனிட் வீண்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டரை 15 நாளுக்கொரு முறை தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். காயிலை மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் கூடாது. ஆண்டுக்கொரு முறை மெக்கானிக்கை வைத்துக் கழற்றி, மோட்டாரிலும் ஒயரிலும் நீர் படாமல் கழுவி, நன்கு உலர்ந்த பிறகே ஓட்டுங்கள்.

தனித்தனியாக அழைத்தால் கேட்ட கூலியைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மாசி மாதத்திலேயே கொம்யூன் வாரியாகக் கடைகளின் பட்டியல் எடுத்து, நம்பகமான மெக்கானிக்குடன் ஒரே கூலி பேசி முடிக்க நமது சங்கக் கிளைகள் முன்வர வேண்டும். மொத்தமாகப் பேசி விலை குறைப்பது நமக்குத் தெரியாத வித்தையா என்ன? கல்லாவை நாள்தோறும் எண்ணும் நாம், அதைச் சத்தமின்றிக் கரைக்கும் காயிலையும் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.