சமுத்திரம் இருந்த ஊர்

விடுமுறை வந்தால் ஸ்தல யாத்திரை புறப்படுவது நம்மவர் வழக்கம். சாலவாக்கத்திலிருந்து செங்கற்பட்டுக்கு வந்து ரயில் ஏறுகிறவர்கள், விழுப்புரம், விருத்தாசலம் கடந்து திருச்சிக்குப் போகும் வழியில் அரியலூரில் ஒரு நாள் தங்குவார்களானால், எந்த ஸ்தல புராணமும் சொல்லாத பழமை ஒன்றைத் தரிசிக்கலாம். வாரணவாசி கிராமத்தில் அமைந்துள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையே சொல்லுகிறேன்.

அங்கே முதலில் கண்ணைக் கவருபவை சுருள் சுருளான கற்கள். அம்மோனைட் என்ற கடற்பிராணியின் ஓடுகள் இவ்வாறு கல்லாகச் சமைந்தன. பெண்மணிகள் பார்த்தவுடனே, "இது சாளக்கிராமம் அல்லவா?" என்பார்கள். அது தவறல்ல. கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் நாம் காணும் சக்கரமும் இந்த இனத்துப் பிராணியின் சுவடுதான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பிரதேசம் கடலுக்கு அடியில் இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லே இன்று சிமெண்டாகி நம் வீட்டுச் சுவர்களில் நிற்கிறது!

கடல் பின்வாங்கிய கரையில் டைனோசர்கள் உலாவின. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியல் அறிஞர்கள் ஆராய்ந்து, 1987-ல் அப்பிராணிக்கு 'பிருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பிருஹத் காயம் என்றால் பெரிய உடல். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர்! முதலில் மாமிச பட்சிணி என்று எண்ணப்பட்டது, பின்னர் தழை தின்னும் நெடுங்கழுத்துப் பிராணி என்று கருதப்பட்டது. பூமியில் நடந்த பிராணிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக அது இருந்திருக்கலாம்.

அந்த எலும்புகள் எங்கே என்று கேட்பீர்கள். அவை இல்லை. சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017-ல் வெளியான செய்தி உலகத்து விஞ்ஞானிகளை வருந்தச் செய்தது. 2022-ல் சில பழைய புகைப்படங்கள் பிரசுரமாயின, மிஞ்சியவை படங்கள்தாம். ஏறக்குறைய 6½ கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த பொருள், நம் கைக்கு வந்தபின் நிலைக்கவில்லை.

இது நம்மால் ஆகாத காரியமும் அன்று. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த டைனோசர் ஒன்றுக்கு 1975-ல் மகாகவி தாகூரின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள். அதன் எலும்புகள் கல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில், முழு உருவமாகக் கோத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. கைத்திறனும் கருத்தும் ஒன்று சேர்ந்தால் காரியம் கைகூடும் என்பதற்கு அது சாட்சி.

2020-ல் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று ஜனங்கள் திரண்டார்கள். அவை முட்டையல்ல என்று பிறகு தெரிந்தது. ஆயினும் அந்த ஆவலைக் கேலி செய்ய மனம் வரவில்லை. அத்தகைய ஆவல் உள்ள இடத்தில்தான் பொருளும் பாதுகாக்கப்படும்.

நம் ஜில்லாவும் இதில் ஏழையல்ல. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் பாறைகளில் ஆதிகாலத்துத் தழைகளின் அச்சுக்கள் கிடைத்திருக்கின்றன. கிணறு வெட்டும்போதும் ஏரி தூர் வாரும்போதும் விசித்திரமான கல் கண்ணில் பட்டால், கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, அறிந்தவர்களுக்குத் தெரிவியுங்கள். குழந்தைகளை ஒரு முறை வாரணவாசிக்கு அழைத்துச் செல்லுங்கள். கல்லைக் கண்டு கேள்வி கேட்கப் பழகிய பிள்ளைகள் கையில், அடுத்த பிருஹத்காயம் பொடியாகாது.