பட்டி இருக்கும் ஊரில் பால்மாத் தேநீர்

சென்ற மாதம் ஓர் அலுவல் காரணமாகப் படுவான்கரைக்குப் போக நேர்ந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகின்ற பக்கத்தில் இருப்பதால் அக்கரைக்கு அப்பெயர். கடலோரமாக, பொழுது எழுகின்ற பக்கத்தில் இருப்பது எழுவான்கரை. முன்னெல்லாம் மண்முனைத் துறையில் படகுப்பாதைக்குக் காத்து நின்றே அக்கரை சேர வேண்டும். 2014 ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்பட்ட பின்பு காத்திருப்பு ஒழிந்தது. அதனோடு துறையடியில் நின்று ஊர்ப்புதினம் கேட்கும் சுகமும் ஒழிந்தது.

பாலத்தைக் கடந்து சில கட்டை தூரம் போனதும் ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். எதிரே வெள்ளாண்மை வெட்டி முடிந்த வட்டையில் எருமைப் பட்டி ஒன்று மேய்ந்து கொண்டிருந்தது. எண்ணிப் பார்க்கவில்லை, நூற்றுக்குக் குறையாது. "பிளேன்ரீயா ஐயா, பால் தேநீரா?" என்றார் கடைக்காரர். அந்தக் காட்சியைக் கண்டபின் வெறும் தேநீர் கேட்க மனம் வருமா? பால் தேநீர் என்றோம். அவர் ஒரு பேணியைத் திறந்து, கடல் கடந்து வந்த பால்மாவில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கித் தந்தார்.

நமக்குத் தாங்கவில்லை. "எருமைகள் வாசலில் நிற்கின்றனவே!" என்றோம்.

"நிற்கிறது ஐயா. ஆனால் விடியற்காலை கறக்கிற பால் ஏழு மணிக்கெல்லாம் சேகரிப்புக்குப் போய்விடும். மிச்சம் பிடித்து வைத்தால் மத்தியானத்துக்குள் திரிந்து போகும். பால்மா என்றால் மாதக் கணக்கில் பேணிக்குள் கிடக்கும். நட்டம் வராது" என்றார் அவர்.

உள்ளூர்ப் பொருளை ஆதரிப்பது பற்றிச் சொல்ல நாம் ஒரு பிரசங்கம் ஆயத்தமாக வைத்திருந்தோம். அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினோம். கடைக்காரர் தேசபக்தி இல்லாதவர் அல்லர், கணக்குத் தெரிந்தவர். அந்தக் கணக்கைத் தீர்க்காமல், "நம் பொருளையே வாங்குங்கள்" என்று சுவரில் எழுதி வைப்பதனால் ஆகப் போவது ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கு அவ்வளவோடு முடிந்து விடுவதுமில்லை. 2021 ஒக்டோபரில் 480 ரூபாவாக இருந்த 400 கிராம் பால்மாப் பைக்கற்று, 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்க்கும் அது கிடைக்கவில்லை. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப் போய், தாய்மார் கைக்குழந்தையுடன் வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்தது. நாம் அறிந்த ஒரு பட்டிக்காரர் வீட்டு வாசலில் அந்நாட்களில் போத்தலும் கையுமாக ஆட்கள் நின்றார்கள். பைக்கற்று மறுபடியும் கடைக்கு வந்ததும் ஒருவரையும் காணோம். "தண்ணீர் வற்றினால்தான் கிணறு தெரியும் போலும்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உறைப்பு இருந்தது.

மாணவர்களுக்கு இங்கே ஒரு சிறிய கணக்குத் தருகிறோம். 400 கிராம் பால்மாவைக் கரைத்தால் ஏறக்குறைய 3 லீற்றர் பால் கிடைக்கும். உங்கள் ஊர்க் கடையிலே இன்று பைக்கற்றின் விலையைக் கேளுங்கள். பால் கறப்பவரிடம் ஒரு லீற்றரின் விலையைக் கேளுங்கள். எது மலிவென்று நீங்களே கண்டுகொள்ளலாம். அடுத்தபடியாக, கொடுத்த பணம் எங்கே போகிறதென்று பாருங்கள். பைக்கற்று விலையில் கடைக்காரரின் இலாபமும் இறக்குமதியாளரின் இலாபமும் போக, பெரும்பகுதி நியூசிலாந்துக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விடும். தயிர்ச் சட்டிக்குக் கொடுத்த பணமோ, பட்டிக்காரருக்கும், பால் காய்ச்சிய பெண்ணுக்கும், சட்டி வனைந்தவருக்கும், மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டு வந்து விற்ற இளைஞனுக்கும் பங்காகி, அடுத்த நாளே இவ்வூர்க் கடைகளுக்குத் திரும்பி வருகிறது.

உள்ளூர்ப் பொருள் என்று நாம் சொல்வன எல்லாம் ஒரே தரத்தன அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சேலையின் அழகு நம் உழைப்பாளரின் கைவண்ணம்; ஆனால் அதன் நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. தயிர் அப்படியன்று. புல் நம்முடையது, எருமை நம்முடையது, களிமண் நம்முடையது, விறகும் நம்முடையது.

அன்றியும், கடைக்காரர் சொன்ன அந்தப் பழைய சிக்கலுக்கு, பால் கெடுகிறதே என்ற சிக்கலுக்கு, நம் முன்னோர் கண்ட விடையே தயிர். பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நான்கு பங்களவில் இருக்க, எருமைப் பாலில் ஏழு எட்டுப் பங்கு உண்டு. அதனால் தயிர் கட்டியாக உறைகிறது. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை ஊற்றி, சுட்ட மண்சட்டியில் வைத்தால், சட்டி நீரை மெல்ல உறிஞ்சிக் கொள்ளும். வெளிப்புறத்தில் கசியும் ஈரம் காற்றில் உலர்ந்து உள்ளே இருப்பதைக் குளிரச் செய்யும். மின்சாரம் வேண்டாம். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிரைத் தேனோடு உண்டவர்க்கு அதன் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒரு குறையையும் சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவராவோம். சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு விருந்தினர் வந்த வேளையில் வீதியோரம் ஒரு சட்டி வாங்கினோம். மேலே ஆடை மினுங்கியது. கரண்டியை விட்டதும் கீழே நீர். பால்மா கரைத்துச் சேர்த்த தயிரென்று வீட்டார் ருசியிலேயே கண்டுபிடித்தார்கள். எருமைத் தயிர் என்று சொல்லிப் பால்மாவையே மறுபடி நம் தலையில் கட்டிய அந்தக் கெட்டித்தனத்தை என்னென்பது! இரக்கத்தால் ஒருவர் ஒரு முறை வாங்குவார். மறுமுறை வாங்கச் செய்வது தரம் ஒன்றே. இதைத் தயிர்காரரும் உணர வேண்டும்.

பால் கெடுவது பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. குஜராத்தில் ஆனந்த் என்ற சிற்றூரைச் சூழ்ந்த விவசாயிகள், தம் பாலுக்கு வியாபாரி வைத்ததே விலை என்றிருந்த நிலையை வெறுத்து, 1946 இல் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1949 இல் வர்கீஸ் குரியன் அவர்களோடு சேர்ந்தார். குளிர்காலத்தில் எருமைப் பால் மிஞ்சியது. அதை மாவாக்க முடியாதென்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். தலாயா என்ற பொறியியலாளர் முயன்று வழி கண்டார். 1955 இல் எருமைப் பாலிலிருந்து மா எடுக்கும் ஆலை ஆனந்தில் திறக்கப்பட்டது. ஆக, பால்மா என்பதே நமக்குப் பகை அல்ல. அது யாருடைய பால் என்பதே கேள்வி. நியூசிலாந்தின் பெரிய பால் நிறுவனமும் 2001 இல் விவசாயிகளின் கூட்டுறவாகவே அமைந்தது என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள், நாம் சேரவில்லை.

கடையிலே செய்யும் தெரிவு மாத்திரம் போதாது என்பதற்கு மயிலத்தமடுவே சாட்சி. பெரும்போகத்துக்கு வயல் விதைக்கும் காலத்தில் பட்டிகளை வட்டைக்குள் விட முடியாது. அப்போது அவற்றை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்வது நெடுநாளைய வழக்கம். அத்தரைகளில் வெளியிடத்தார் வந்து பயிர் செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறவழிப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். புல் இல்லாவிடில் பால் ஏது, தயிர் ஏது? கலியாண வீட்டில் தயிர்ச் சட்டிக்குச் சொல்லி வைப்பவர்கள், அந்தச் சட்டி புறப்படும் இடத்தின் கதையையும் கொஞ்சம் விசாரித்து வைப்பது நல்லது.

தேநீர்க் கடைக்கு வருவோம். காசைக் கொடுத்துவிட்டு எழும்பும்போது, "நாளாந்தம் இரண்டு லீற்றர் பாலை நிறுத்தி, காலைத் தேநீருக்காவது பயன்படுத்தலாகாதா?" என்று கேட்டோம்.

கடைக்காரர் குவளையைக் கழுவிக் கொண்டே சற்று யோசித்தார். "பத்துப் பேர் கேட்டால் நாளைக்கே நிறுத்தி வைப்பேன் ஐயா. இந்த வருஷத்தில் கேட்டது நீங்கள் ஒருவர்தான்" என்றார்.